மருத்துவர் பதில்: ஐலைனர் போட்டால் கண் எரிகிறது, என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 20 வயது. தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். மூன்று மாதமாக ஹட்டன் டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை. கூட வேலை செய்கிற அக்காமார் எல்லோரும் ஐலைனர் போடுகிறார்கள். நானும் நடைபாதையில் ஒரு பென்சில் வாங்கி, கீழ் இமைக்கு உள்ளே போட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் எரிச்சல் வந்து கண்ணீர் ஓடுகிறது. பின்னேரம் பார்வை மங்குகிறது, சிமிட்டினால் தெளிகிறது. அப்பாயி, விளக்குக் கரியில் மை செய்து தருகிறேன் என்கிறார். நான் எதை வாங்க வேண்டும், எப்படிப் போட வேண்டும்?

பதில்: தங்கச்சி, சிமிட்டினால் தெளிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி எனக்குப் பெரிய உதவி. மங்கல் கண்ணுக்குள்ளே இருந்து வருவதாக இருந்தால் சிமிட்டியதும் இப்படித் தெளியாது. பெரும்பாலும் கண்ணின் மேல் இருக்கும் கண்ணீர்ப் படலம் கலங்கியிருக்கிறது, அவ்வளவுதான். கலங்கக் காரணம், நீங்கள் கோடு போட்ட இடம்.

கண்ணாடியில் கீழ் இமையைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். முடி முளைக்கும் வரிசைக்கும் கண்ணுக்கும் நடுவில் ஈரமான ஒரு மெல்லிய விளிம்பு தெரியும். அந்த விளிம்பில் ஊசிமுனை அளவில் வரிசையாகத் துளைகள் உண்டு. மேல் இமையில் ஏறத்தாழ 30, கீழ் இமையில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. இவை மெய்போமியன் சுரப்பிகளின் வாய்கள். 1666இல் இவற்றை விவரித்து எழுதிய மெய்போம் என்ற ஜெர்மன் மருத்துவரின் பெயர்தான் நிலைத்துவிட்டது. இந்தத் துளைகளில் இருந்து வருவது எண்ணெய். நாம் சிமிட்டும்போதெல்லாம் அது கண்ணீரின் மேல் மெல்லிதாகப் பரவி, கண்ணீர் காய்ந்து போகாமல் காக்கிறது. அந்த வாய்களின் மேல் மெழுகுப் பென்சிலால் தேய்த்தால் துளைகள் அடைபடும். மையும் அங்கேயே நிற்காது. சிமிட்டச் சிமிட்டக் கண்ணீரோடு கலந்துவிடும். சாயங்காலம் கண்ணின் மூக்குப் பக்க ஓரத்தில் கறுப்பாக ஒரு துணுக்கு நிற்கிறதா? கண்ணீர் வடியும் வழி அங்கேதான் இருக்கிறது, மையும் அங்கே போய்ச் சேர்கிறது.

அதனால் நான் உறுதியாகச் சொல்வது ஒன்றுதான்: கோடு முடி வரிசைக்கு வெளியே, தோலின் மேல் இருக்கட்டும். உள்விளிம்புக்கு எந்த மையும் வேண்டாம், விலை கூடியதும் வேண்டாம்.

இப்போதைக்கு ஒரு வாரம் எதுவும் போடாதீர்கள். இரவில் சுத்தமான துணியை இளஞ்சூட்டு நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய கண்மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வையுங்கள். சூட்டை முதலில் மணிக்கட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். துளைகளில் உறைந்த எண்ணெய் இளகும். எரிச்சல் முழுதாக அடங்கிய பிறகு புதிதாகத் தொடங்கலாம்.

புதிதாகப் பழகுகிறவருக்குப் பென்சில்தான் நல்லது. திரவ ஐலைனரில் கை ஒருமுறை நடுங்கினால் கோடு கண்ணுக்குள் ஓடிவிடும், திருத்தவும் நேரம் தராது. நிறத்தில் கறுப்பைவிடக் கடும் பழுப்பு எடுங்கள். பிசகினாலும் உறுத்தித் தெரியாது, நம் நிறத்துக்கு அழகாகவும் இருக்கும். நடைபாதைப் பென்சிலை மறந்துவிடுங்கள். உறையில் உள்ளடக்கம், இறக்குமதி செய்தவர் விபரம், முடிவுத் திகதி மூன்றும் இருக்க வேண்டும். திறந்த டப்பி போன்ற சிறு படத்தில் 6 அல்லது 12 என்று இருந்தால், திறந்த பிறகு அத்தனை மாதம்தான் பாவிக்கலாம் என்று பொருள். திரவ ஐலைனரை மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். வாங்கியதும் முழங்கையின் உட்பக்கத்தில் நான்கைந்து நாள் பூசிப் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால், அதைவிட மெல்லிய இமைத்தோல் அதைத் தாங்காது.

போடும் விதத்துக்கு வருவோம். நம் பக்கத்துக் காலைக் குளிரில் பென்சில் முனை கல்லாக இறுகிவிடும். இறுகிய முனையால் அழுத்தினால் இமை இழுபடும், கோடும் விட்டு விட்டு விழும். சிலர் லைட்டரில் காட்டி இளக்குகிறார்கள். அது வேண்டவே வேண்டாம், சூடான மெழுகு இமையைச் சுட்டுவிடும். உள்ளங்கையில் இரண்டு நிமிடம் பொத்தி வைத்தாலே போதும். கையைக் கழுவிக்கொண்டு, முழங்கையை மேசையில் ஊன்றி உட்காருங்கள். கண்ணாடியை முகவாய்க்குக் கீழே வைத்து, கீழ்நோக்கிப் பாருங்கள். அப்போது மேல் இமை தானாக விரியும், இழுக்கத் தேவையில்லை. ஒரே இழுப்பில் கோடு போட நினைக்காதீர்கள். மேல் இமையின் நடுவில் தொடங்கி வெளி ஓரம் வரை, முடி வேருக்கு மேலே சின்னச் சின்னப் புள்ளிகளாக வைத்து, பிறகு அவற்றை இணையுங்கள். மூக்குப் பக்கத்துப் பாதியை வெறுமையாக விட்டாலே கண் பெரிதாகத் தெரியும். கீழ் இமையை முதல் ஒரு மாதம் தொட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

எங்கே வைத்துப் போடுகிறீர்கள் என்பதும் முக்கியம். வீட்டில் போட்டுவிட்டு விறகடுப்புப் புகையில் நின்றால் கண்ணீர் வரும், துடைப்பீர்கள், மை உள்ளே போகும். பஸ்ஸில் போடுவது அதைவிட ஆபத்து. ஹட்டன் பாதையின் வளைவுகள் உங்களுக்கே தெரியும். ஒரு குலுக்கலில் பென்சில் முனை கருவிழியைக் கீறிவிடும். அப்படிக் கீறிக்கொண்டு வந்தவர்களுக்கு நான் மருந்து போட்டிருக்கிறேன், அந்த வலி சாதாரண வலி இல்லை. கடைக்குப் போய், ஈரம் துடைத்து, உட்கார்ந்து போடுங்கள். இப்படிச் செய்தால் தூறலுக்குப் பயந்து வாட்டர்புரூஃப் வாங்கவும் தேவை இராது. அதைக் கழற்ற அழுத்தித் தேய்க்க வேண்டியிருக்கும், இமைக்கு அது நல்லதில்லை.

எவ்வளவு களைப்பாக வந்தாலும் போட்ட மையோடு படுக்காதீர்கள். மேக்கப் கழற்றும் நீரைப் பஞ்சில் நனைத்து, மூடிய இமையில் சில விநாடிகள் வைத்திருந்து, மெதுவாக ஒற்றி எடுங்கள்.

அப்பாயியின் மை பற்றி: விளக்கெண்ணெய் விளக்கின் கரியில் செய்த மையைக் கெட்ட பொருள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது விரலால் எடுத்து விரலாலேயே உள்விளிம்பில் தீட்டுகிற மை. நகக்கண்ணில் இருக்கிற கிருமியும் கூடவே போகும், கரித்துகளும் உறுத்தும். ஆசையாகச் செய்து தந்தால், சுத்தமான பட்ஸ் முனையால் முடி வரிசைக்கு வெளியே இட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதன் கண்ணில் மட்டும் யாரும் மை தீட்ட வேண்டாம். திருஷ்டிக்கு உள்ளங்காலில் ஒரு பொட்டு வைத்தால் போதும். கண்ணில் தீட்டுவதற்கென்று கடையில் விற்கும் சுருமாப் பொடி வேறு விஷயம். அவற்றில் பலவற்றில் ஈயம் இருக்கிறது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

கடை அக்காமார் பென்சிலை நீட்டினால், டாக்டர் வேண்டாம் என்றார் என்று என் மேல் பழியைப் போட்டுவிடுங்கள். கண் நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவ ஒரு பென்சில் போதும். உங்களுக்கே கண் சிவந்து பீளை கட்டினாலோ, இமையில் கட்டி வந்தாலோ, அப்போது பாவித்த பென்சிலைத் திரும்பத் தொடாதீர்கள்.

கடும் வலி, வெளிச்சம் பார்க்க முடியாத கூச்சம், சிமிட்டியும் தெளியாத மங்கல், பென்சில் குத்தியது, இவற்றில் எது நடந்தாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள். கண்ணைத் தேய்க்கவோ தாய்ப்பால் விடவோ வேண்டாம். பார்மசியில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் வேண்டாம். அதில் ஸ்டீரொயிட் இருந்தால் சில தொற்றுகள் இன்னும் மோசமாகும். ஒரு வாரம் மையை நிறுத்தியும் எரிச்சல் தொடர்ந்தால், நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையின் கண் சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். போகும்போது அந்தப் பென்சிலையும் கையோடு கொண்டுபோங்கள், இமையைப் பார்க்கிற வைத்தியர் அதையும் பார்க்கட்டும்.