சொந்தத்துக்குள்ளேயே குழந்தையைத் தத்துக் கொடுத்த தாய்க்கு, காலப்போக்கில் அந்த வேதனை தீர்ந்துவிடுமா?

தீராதுங்க. 32 வருஷம் ஆச்சு, எனக்குத் தீரவில்லை.

"வெளியாளுக்கா கொடுக்கிறாள், கண்ணெதிரே வளர்வதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கப்போகிறாள், போகப்போகச் சரியாகிவிடாதா?" என்று கேள்வியோடு சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் நீங்கள் மாசமாக இருக்கிறீர்கள், கேட்டிருப்பது உங்கள் வீட்டுக்காரரின் அக்காவோ அண்ணனோ என்று எனக்குப் பட்டுவிட்டது. தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். வேறு யாருக்காவது கேட்டிருந்தாலும் அவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சண்டைக்கு வருவீர்கள். என் பிள்ளையை வளர்த்த நாத்தனார் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. நான் பெற்ற மற்ற இரண்டையும் நான் வளர்த்ததைவிட, அவர் அவளை நன்றாக வளர்த்தார். தத்தெடுப்பது தப்பு என்றும் நான் சொல்லவில்லை. கொடுத்தவளுக்கு என்ன ஆகும் என்று கேட்டீர்கள், அதை மட்டும் சொல்கிறேன்.

எங்களுக்குச் சத்தியமங்கலம் பக்கம். ஒன்றரை ஏக்கர் மல்லித் தோட்டம். 1990ல் கல்யாணம், மறு வருஷம் மூத்தவள். 1993ல் இரண்டாவது உண்டாகி ஆறாம் மாசம் நடந்துகொண்டிருந்தது. நாத்தனாருக்குக் கல்யாணமாகி 11 வருஷம், குழந்தை இல்லை. கோயமுத்தூரில் பார்க்காத டாக்டர் இல்லை. பங்குனி தவறாமல் பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் இறங்கினார். ஒருநாள் பூக் கட்டிக்கொண்டிருக்கும்போது மாமியார் கேட்டார்: "ஏம் அம்மிணி, இது பொட்டப்புள்ளையாப் பொறந்தா நாத்தனாளுக்குக் குடுத்தரலாமா? பையனாப் பொறந்தா நீயே வெச்சுக்க."

அடிக்கவில்லை, மிரட்டவில்லை. கேட்டார்கள், அவ்வளவுதான். எனக்கு 21 வயசு. மாமியார் கேட்டால் மாட்டேன் என்று சொல்லலாம் என்பதே எனக்குத் தெரியாது. வீட்டுக்காரர் அந்தப் பக்கம் நின்று மோட்டார் சத்தத்தைக் கேட்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். நான் தலையை ஆட்டினேன். இன்றைக்கு வரைக்கும் என்னைக் குடைவது அந்தத் தலையாட்டல்தான்.

சித்திரையில் பிறந்தாள். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே கொடுத்தோம். நாத்தனார் மடியேந்தி நின்றார், நான் தூக்கி வைத்தேன். சட்டமே அப்படித்தான் சொல்கிறது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். 1956ஆம் வருஷத்து இந்து தத்தெடுப்புச் சட்டத்தில் ஹோமம் வளர்க்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, கொடுக்கிறவர் கொடுத்து வாங்குகிறவர் வாங்க வேண்டும், அது கட்டாயம். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் எனக்கு ஆறுதல் சொன்னாள்: "தொட்டில்லயா போட்டுட்டு வர்றீங்க? சொந்தத்துக்குத்தானுங்களே குடுக்கறீங்க." அதற்கு முந்தின வருஷம்தான், 1992ல், சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியிருந்தது. பெண் குழந்தையைக் கொல்லாதீர்கள், அரசாங்கத் தொட்டிலில் விட்டுவிடுங்கள் என்று. அதோடு வைத்துப் பார்த்தால் நான் கொடுத்துவைத்தவள். அதனால் அழுவதற்கு எனக்குப் பாத்தியதை இல்லை என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த அன்று ராத்திரி மார் கல்லாகக் கட்டிக்கொண்டது. மாமியார் பழைய வேட்டியைக் கிழித்து, தோட்டத்து மல்லியை உதிரியாக அள்ளி மார்பில் வைத்து, மூச்சு முட்ட இறுக்கிக் கட்டினார். பால் வற்றுவதற்கு எங்கள் பக்கம் அதுதான் வைத்தியம். மூடநம்பிக்கை என்று சொல்லாதீர்கள். 1988லேயே டாக்டர்கள், பால் நிற்கக் கொடுக்கிற புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து, பூவும் பாலைக் குறைக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். (ஆனால் இறுக்கிக் கட்டினால் மார்பில் சீழ் பிடிக்கலாம், யாரும் செய்ய வேண்டாம். மாத்திரை இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள்.) சாயங்காலம் பழைய பூவை எடுத்துப் போட்டுப் புதுப் பூ வைப்பார்கள். உடம்புச் சூட்டில் அந்தப் பூ பழுப்பேறி, பாலில் ஊறி, புளித்த வாடையும் மல்லி வாடையும் சேர்ந்து வரும். மூத்தவளுக்கு ஒன்றரை வயசு. என் மடியில் ஏறி அந்தத் துணியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள்.

ஏழெட்டு நாளில் பால் நின்றுவிட்டது என்றார்கள். 22ஆம் நாள் தத்துப் பத்திரம் பதிய சார்பதிவாளர் அலுவலகம் போனோம். "சம்மதந்தானேம்மா?" என்று சார்பதிவாளர் கேட்டார். அந்த நேரம் பார்த்து வெளியே யாரோ ஒரு குழந்தை வீறிட்டது. என் ரவிக்கை நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். நகலைப் பீரோவில் வைத்திருக்கிறேன், "பெரியார் மாவட்டம்" என்று அச்சடித்திருக்கும். ஈரோடு மாவட்டம் என்று அப்புறம்தான் பெயர் மாறியது.

அன்றிலிருந்து நான் தலையில் மல்லி வைப்பதில்லை. கனகாம்பரம் வைப்பேன், இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. ஆனால் தினமும் விடியற்காலை மூன்றரை மணிக்கு நெற்றியில் பேட்டரி லைட்டைக் கட்டிக்கொண்டு பறிப்பது அதே மல்லியைத்தான். அந்தப் பூவுக்காவது நல்ல விலை உண்டா என்றால் அதுவும் இல்லை. முகூர்த்த நாளில் கிலோ ஆயிரத்தைத் தாண்டுகிறது என்று டிவியில் காட்டுவார்கள், பார்க்கிறவர்கள் பூக்காரர்கள் கோடீஸ்வரர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பனிக்காலத்தில் பூவே இருக்காது, அப்போதுதான் அந்த விலை. செடி கொட்டுகிற சித்திரை, வைகாசியில் செண்ட் கம்பெனிக்காரர் வைத்ததுதான் விலை, பறிகூலிக்கே கட்டாது. கமிஷன் வேறு பிடிப்பார்கள். சாயங்காலத்துக்குள் விரிந்துவிடுகிற பூவை வைத்துக்கொண்டு எந்த விவசாயி பேரம் பேச முடியும்? கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். முப்பது வருஷ ஆத்திரம், எழுத உட்கார்ந்ததும் வந்துவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். வெளியாளுக்குக் கொடுத்தவளுக்குப் பிள்ளை எங்கே இருக்கிறதோ என்ற வெசனம். எனக்கு அந்த வெசனம் இல்லை, நிஜம்தான். ஆனால் உயிரோடு கண்ணெதிரே இருக்கிற பிள்ளைக்காக யாரும் துக்கம் கேட்க வரமாட்டார்கள். செத்திருந்தால் ஊரே வந்து கட்டி அழுதிருக்கும். எனக்கு ஒப்பாரி வைக்கவும் இடமில்லை, பிள்ளையைக் கொஞ்சவும் இடமில்லை. நான் அவளுக்கு அத்தை. மாமியார் என்கிற ஒரே மனுஷியை மூத்தவள் அப்பத்தா என்பாள், இவள் அம்மாயி என்பாள். அக்காவும் தங்கச்சியும் பாண்டி விளையாடும்போது இதைக் கேட்டுக்கொண்டு நான் அடுப்படியில் நிற்பேன். தூக்கி முத்தம் கொடுத்தால் "பாரு, பெத்த பாசம்" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, மற்ற பிள்ளைகளைவிட அவளிடம் விறைப்பாகவே இருந்தேன். அவளுக்கு என்னைப் பிடிக்காமலே போய்விட்டது. பன்னிரண்டு வயசு வரைக்கும் எங்கள் வீட்டுக்கு வருவதென்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

1996ல் எனக்குப் பையன் பிறந்தான். வயிற்றில் இருந்த பத்து மாசமும் தூங்கவில்லை, இதையும் யாராவது கேட்டுவிடுவார்களோ என்று. அவன் அவளுக்கு மாமன் மகன் முறையாகிவிட்டான். விவரம் தெரியாத ஒறம்பரை ஒருத்தி கல்யாண வீட்டில் "வாடா மாப்பிள்ளை, உன் முறைப்பொண்ணு இங்க நிக்குது" என்று கேலி பேசினாள். எனக்கு வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. பிறந்த வீட்டில் யாரைக் கட்டக்கூடாதோ, தத்துப் போன பிறகும் அவரைக் கட்டக்கூடாது என்று அந்தத் தத்தெடுப்புச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஊர் வாய்க்கு எந்தச் சட்டம் இருக்கிறது?

தோட்டத்தில் தண்ணீருக்குப் போர் போட நாத்தனார் வீட்டில் கைமாற்று வாங்கினோம், வட்டியோடு திருப்பியும் கொடுத்தோம். "பிள்ளையை வித்துப் போர் போட்டாங்க" என்று பேசினார்கள். ஒரு ரூபாய் வாங்கவில்லை. எங்கே வேண்டுமானாலும் வந்து சத்தியம் செய்வேன்.

2006ல் அவள் வயசுக்கு வந்தாள், திரட்டுச் சீர் வைத்தார்கள். தாய்மாமன் சீர் கொண்டு போக வேண்டும். பெற்ற அப்பனே தாய்மாமனாகத் தட்டு எடுத்துக்கொண்டு போனார். அவர் இந்த விஷயத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று மட்டும் பந்தலுக்குள் நுழையும் முன்னால் தட்டைக் கீழே வைத்துவிட்டு, செருப்பு வாரை மாட்டுகிற மாதிரி குனிந்து, ரொம்ப நேரம் நிமிரவே இல்லை. அத்தை முறைக்கு நான் கொலுசு போட்டுவிட்டேன். பிறந்த ஐந்து நாளுக்கு அப்புறம் அவள் காலை நான் பிடித்தது அன்றைக்குத்தான். வலது சுண்டுவிரல் நகம் இரண்டாகப் பிளந்திருந்தது. எங்கள் அம்மாவுக்கு அப்படி, எனக்கு அப்படி. திருகாணி மாட்ட முடியாமல் கை நடுங்கியது. "அத்தை, கூச்சமா இருக்குது, சீக்கிரம்" என்றாள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு உடம்புக்கு முடியாமல் போனது. நெஞ்சை அடைக்கும், மூச்சு இழுக்கும். ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். சித்திரை மாசம்தான் அதிகமாக வரும் என்பதை நான் கண்டுபிடிக்கவே நாலு வருஷம் ஆனது. ஒரு மனநல டாக்டர் மட்டும், "எத்தனை குழந்தைங்க?" என்று கேட்டுவிட்டு, நான் "இரண்டு" என்று சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தைக் கவனித்தார். அவரிடம்தான் முதல்முதலாக "மூணு" என்றேன்.

மூத்தவள் நர்சிங் படித்தவள். அவள்தான் சொன்னாள், பாலின் பாஸ் என்கிற அமெரிக்கப் பேராசிரியர் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார் என்று. ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது, இருக்கிறார் என்றும் சொல்ல முடியாது, அப்படிப்பட்ட இழப்பு. ஆஸ்திரேலியாவில் 1984ல் குழந்தையைத் தத்துக் கொடுத்த 213 தாய்மாரிடம் விசாரித்ததில், சுமார் பாதிப் பேர் வருஷம் போகப்போக வலி கூடித்தான் போனது என்றார்களாம், அதிலும் சிலருக்கு 30 வருஷம் கழித்தும். அந்த நாட்டில் கட்டாயப்படுத்திக் குழந்தையைப் பிரித்ததற்காக 2013 மார்ச் 21 அன்று பிரதமர் ஜூலியா கில்லார்ட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். எனக்கு யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். "உனக்கு எப்படி இருக்குது?" என்று வீட்டில் ஒருத்தர் கேட்டிருந்தால் போதும்.

இனி உங்களுக்கு. வெளியாளுக்குக் கொடுப்பதற்காகக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கிற தாய்க்கு, 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டப்படி மனம் மாறித் திரும்பக் கேட்க 2 மாசம் அவகாசம் உண்டு. ஆலோசனையும் சொல்ல வேண்டும். சொந்தத்துக்குள் பத்திரம் எழுதிக் கொடுக்கிறவளுக்கு இந்து தத்தெடுப்புச் சட்டத்தில் அந்த அவகாசம் கிடையாது. செல்லுபடியான தத்தை அப்புறம் ரத்து செய்யவும் முடியாது. ஆனால் உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் வீட்டுக்காரர் தனியாகக் கொடுக்க முடியாது. 2010ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு தாய்க்கும் தகப்பனுக்கும் சம உரிமை. பால் கட்டியிருக்கும்போது எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். 15 வயசு முடியாத பிள்ளையை எப்போது வேண்டுமானாலும் தத்துக் கொடுக்கலாம், ஐந்தாம் நாளே கொடுக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. அப்படியே கொடுத்தாலும், யார் பெற்றது என்று பிள்ளைக்குச் சொல்லி வளர்ப்பதாக முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். நாங்கள் பேசவில்லை.

அவளுக்கு 17 வயசில் நாத்தனாரே சொல்லிவிட்டாராம். எனக்கு அது தெரியாது. நாத்தனார் 2016ல் தவறிப்போனார். 2019ல் அவளுக்குத் தலைப்பிரசவம், அம்மா இல்லாத பிள்ளை, தாய்மாமன் வீட்டில்தான் பார்க்க வேண்டும் என்று திருப்பூரிலிருந்து எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தார்கள். நாலாம் நாள் ராத்திரி பால் கட்டிக்கொண்டு துடித்தாள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். குழந்தையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "உங்களுக்கு அப்பப் பால் இருந்துச்சுங்களா அத்தை?"

"இருந்துச்சு கண்ணு. நெறையா இருந்துச்சு."

"என்ன பண்ணுனீங்க?"

"பூ வெச்சுக் கட்டுனாங்க."

அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. விடிந்ததும் பறிக்கிறவர்கள் வழக்கம்போல் மல்லிக்கூடையைக் கொண்டுவந்து திண்ணையில் இறக்கினார்கள். பச்சை உடம்புக்காரி, பாரம் தூக்கக்கூடாது என்று நான் கத்தக் கத்த, கூடையைத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு போய்க் கட்டுத்தறிப் பக்கம் வைத்துவிட்டு வந்தாள்.