ஜெராக்ஸ் பேப்பரில் கொக்கின் கழுத்து ஏன் கிழிகிறது?

கேள்வி: ஏ4 தாளைப் பாதியாக வெட்டி, அதில் சதுரம் எடுத்து ஓரிகாமி கொக்கு மடிக்கிறேன். கழுத்தை உள்ளே தள்ளித் திருப்பும் இடத்தில் கிழிந்துவிடுகிறது. அலகு கூராக வருவதே இல்லை. இதற்கென்று தனித் தாள் வாங்கித்தான் ஆக வேண்டுமா? ஆபீஸ் தாளில் வேறு என்னதான் மடிக்கலாம்?

பதில்: தனித் தாள் வேண்டியதில்லை. ஆனால் கையில் இருப்பது எந்த மாதிரித் தாள் என்று தெரிந்துகொண்டு மடிக்க வேண்டும். ஓரிகாமித் தாள் மெல்லியது, சுமார் 60 ஜிஎஸ்எம் (அதாவது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 60 கிராம்). ஜெராக்ஸ் பேப்பர் 70 முதல் 80. ஒரு தாளின் தடிமன் ஏறக்குறைய 0.1 மி.மீ.; 500 தாள் கட்டு 5 செ.மீ. உயரம் நிற்பதே அதற்குச் சாட்சி. ஒற்றைத் தாளாக இருக்கும்போது இது ஒரு பொருட்டே இல்லை. மூன்று முறை பாதியாக மடித்துவிட்டால் எட்டு அடுக்கு, கிட்டத்தட்ட ஒரு மி.மீ. அந்த ஒரு மி.மீ. எங்காவது போய் உட்கார இடம் வேண்டுமே. நீங்கள் இடம் விடவில்லை, அதனால் கழுத்தில் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது.

கொக்கில் இடம் விட வேண்டிய கட்டம் ஒன்றுதான். இறக்கைகள் வந்த பிறகு, கீழே காலைப் போலத் தொங்கும் இரண்டு முனைகளையும் ஒல்லியாக்க, ஓரங்களை நடுக்கோட்டுக்குக் கொண்டுவருகிறோம் அல்லவா? அங்கே ஓரத்தைக் கோட்டின் மேல் சரியாக ஒட்டவைக்காதீர்கள். ஒரு மி.மீ. தள்ளியே நிறுத்துங்கள். பார்ப்பதற்குப் பிழை போலத் தெரியும். மடித்து முடித்தால் அந்த இடைவெளி கண்ணுக்கே தெரியாது, கழுத்து உள்ளே நுழைய வழி மட்டும் இருக்கும்.

அப்புறம், கழுத்தை எடுத்த எடுப்பில் உள்ளே தள்ளக் கூடாது. முதலில் அந்த முனையை வெளியிலேயே, வேண்டிய கோணத்துக்கு முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் ஒரு தடவை மெதுவாக மடித்துத் தடம் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஓரங்களைக் கொஞ்சம் விரித்து, தடத்தின் வழியே உள்ளே தள்ளினால் தானே திரும்பும். நகத்தால் அழுத்துவது எல்லாம் சரியாக உட்கார்ந்த பிறகுதான். ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால் கத்தி போல இழுக்கும் பழக்கம் எனக்கும் இருந்தது. அந்தக் காலத்துக் கொக்குகளில் பாதிக்குத் தலையே கிடையாது. மடிப்பு என்பதே அந்தக் கோட்டில் நார்கள் நொறுங்குவதுதான். ஒரே கோட்டை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பி அழுத்தினால் கிழிக்கத் தயார் செய்கிறோம் என்று அர்த்தம்.

அலகு கூராக வராததற்கு வேறு காரணம். உங்கள் சதுரம் சதுரமாக இல்லை. தொடக்கத்தில் ஒரு மி.மீ. கோணலாக இருந்தால், அது ஒவ்வொரு மடிப்பிலும் கூடவே வந்து கடைசியில் முனையில் தெரியும். இதைச் சோதிக்க ஏ4 தாளிலேயே ஓர் அழகான வசதி இருக்கிறது. அதன் அளவு 210க்கு 297 மி.மீ.; நீளம் அகலத்தைப் போல √2 மடங்கு. சதுரத்தின் மூலைவிட்டமும் பக்கத்தைப் போல √2 மடங்குதான். ஆகவே ஏ4இல் இருந்து எடுத்த 21 செ.மீ. சதுரத்தின் மூலைவிட்டம், இன்னொரு ஏ4 தாளின் நீளப் பக்கத்துக்கு அப்படியே சமமாக இருக்க வேண்டும். வெட்டிய சதுரத்தின் மேல் ஒரு முழுத் தாளை வைத்துப் பாருங்கள். இரண்டு மூலைவிட்டங்களையும் பாருங்கள். ஒன்று பொருந்தி மற்றொன்று பொருந்தவில்லை என்றால் வெட்டு சாய்ந்துவிட்டது. பாதித் தாளுக்கும் இதே கணக்குதான், அதன் நீளம் 210. கத்தரிக்கோலை விட, ஸ்கேல் வைத்து கட்டரால் வெட்டுவது நல்லது.

பாதித் தாளில் கிடைப்பது 14.8 செ.மீ. சதுரம். தடித்த தாளுக்கு அது சிறியது. கை பழகும்வரை முழு ஏ4இல் கிடைக்கும் 21 செ.மீ. சதுரத்திலேயே மடியுங்கள். மிஞ்சும் 8.7 செ.மீ. பட்டையை எறிய வேண்டாம், தவளையோ புத்தக அடையாளமோ வரும்.

நார் ஓடும் திசையைப் பற்றியும் சிலர் சொல்லியிருப்பார்கள். அச்சகத்தில் கிரெய்ன் என்பார்கள். ஏ4 தாளில் அது பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். தாளை இரு பக்கமும் வளைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் இளகுகிறதோ, மடிப்பு அந்தப் பக்கம் சுத்தமாக விழும். பெட்டி, உறை மடிக்கும்போது இதைக் கவனியுங்கள். கொக்குக்கு இதனால் லாபமில்லை. கழுத்து, வால், இறக்கை எல்லாமே மூலைகளில் இருந்து வருபவை. நார் எப்படி ஓடினாலும் நான்கு மூலைக்கும் அது ஒரே சாய்வுதான்.

சரி, வேறு என்ன மடிக்கலாம்? இந்தத் தாளின் விறைப்பைக் குறையாகப் பார்க்காமல், விறைப்பு தேவைப்படும் உருவங்களுக்குப் போங்கள். என் முதல் சிபாரிசு மாசு எனப்படும் சதுரப் பெட்டி. மெல்லிய ஓரிகாமித் தாளில் அதன் சுவர் தொய்யும், ஜெராக்ஸ் பேப்பரில் நிமிர்ந்து நிற்கும். 21 செ.மீ. சதுரத்தில் செய்தால் அடிப்பகுதி சுமார் 7.4 செ.மீ., உயரம் அதில் பாதி. கிளிப், குண்டூசி போட அளவான பெட்டி. மூடியும் வேண்டுமென்றால் அடிப்பெட்டிக்கு 20.5 செ.மீ. சதுரம் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒரே அளவானால் மூடி ஏறாது. காகிதக் கப்பலுக்கும் விமானத்துக்கும் சதுரமே வேண்டாம், ஏ4 செவ்வகமே போதும்.

ஒரு பக்கம் அச்சான தாளைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், அச்சு உள்பக்கம் போகட்டும். லேசர் பிரிண்டரின் டோனர் உருகி ஒட்டிய பிளாஸ்டிக் தூள்தான். கருப்பு அடர்த்தியாக இருக்கும் இடத்தில் மடித்தால் உதிர்ந்து விரலில் ஒட்டும். பில் ரசீதுத் தாள் வேண்டாம். நகம் உரசும் சூட்டிலேயே அதில் கருங்கோடு விழும்.

வெட்டுவதே அலுப்பு என்றால் ஸ்டிக்கி நோட் இருக்கிறது, 76 மி.மீ. சதுரமாகவே வருகிறது. அதில் கொக்கு முயலாதீர்கள், சோனோபே துண்டுகள் மடியுங்கள்; ஒரே மாதிரி மடித்து ஒன்றுக்குள் ஒன்றைச் செருகிக் கோக்கும் துண்டுகள் அவை. ஆறு துண்டு கோத்தால் கனசதுரம், முப்பது என்றால் முள்முள்ளான பந்து, பசை எதுவும் வேண்டாம். ஒட்டும் பட்டை மேலே பார்க்கும்படி வைத்துத் தொடங்கினால் அது முதல் மடிப்புகளிலேயே உள்ளே ஒளிந்துகொள்ளும். கோக்கும்போது ஒரு துண்டு மட்டும் சேர மறுத்தால் பலமாகத் தள்ளாதீர்கள். அதை இடவலம் மாற்றி மடித்திருப்பீர்கள், பிரித்து மற்றவற்றோடு ஒப்பிட்டு மடித்தால் சேர்ந்துவிடும்.