வழுக்கலை விட வாளிதான் பயம்: குளியலறையும் இரண்டு வயதுப் பிள்ளையும்

கோண்டாவிலில் இருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகளுக்கு 2 வயது முடிந்துவிட்டது. இவ்வளவு காலமும் அம்மம்மாதான் கிணற்றடியில் வைத்து வார்த்தார். இப்போது மாறியிருக்கிற வீட்டில் குளியலறை உள்ளேயே இருக்கிறது. மாபிள் வழுக்குகிறது. தலைக்கு வார்த்தால் ஊரைக் கூட்டுகிறாள், ஆனால் கதவு திறந்திருந்தால் தானாக ஓடிப்போய்த் தண்ணீரில் அளைகிறாள். வழுக்காத விரிப்பு ஒன்று போட்டால் போதுமா?"

விரிப்பைப் போடுங்கள், நல்லதுதான். ஆனால் எனக்கு உறுத்துவது அவள் தானாக ஓடிப்போகிற கதைதான். கரண்ட் போனால் மோட்டர் ஓடாது என்று குளியலறையில் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வைக்காத வீடு எங்கள் பக்கம் குறைவு. அதுவும் பெயின்ற் வந்த பெரிய வாளி என்றால் விளிம்பு பிள்ளையின் இடுப்பு மட்டத்துக்கு வரும். இந்த வயதில் உடம்போடு பார்க்கத் தலைதான் பாரம். உள்ளே விழுந்த கோப்பையை எடுக்கக் குனிந்தால் தலைகீழாகப் போய்விடுவாள், கால் நிலத்தில் முட்டாது, தண்ணீர்ப் பாரத்தில் வாளியும் சரியாது. கத்தவும் முடியாது, அடுத்த அறையில் இருக்கிற உங்களுக்கு ஒரு சத்தமும் கேட்காது. மூக்கும் வாயும் மூடுகிற அளவுக்கு 5 சென்ரிமீற்றர் தண்ணீர் இருந்தாலே பிள்ளை மூழ்கும்.

ஆகவே முதல் வேலை, வாளியை வெறுமையாக்கிக் கவிழ்த்து வைப்பது. தண்ணீர் சேமிக்கத்தான் வேண்டும் என்றால் இறுக்கமான மூடியுள்ள பரல் ஒன்றில், அவள் போகாத இடத்தில் வையுங்கள். கொமட் மூடியையும் மூடிப் பழகுங்கள். கதவுக்கு வெளிப்புறம், உங்கள் தலை உயரத்தில் ஒரு கொளுக்கி போட்டுவிடுங்கள். உள்ளே அவள் கைக்கு எட்டுகிற மாதிரித் தாழ்ப்பாள் இருந்தால் கழற்றி மேலே பூட்டுங்கள், இல்லாவிட்டால் ஒரு நாள் உள்ளே பூட்டிக்கொண்டு நின்று அழுவாள், நீங்கள் வெளியே நின்று அழுவீர்கள்.

குளிக்க வார்க்கும்போது படலையில் ஆள் கூப்பிட்டாலும், போன் அடித்தாலும், பிள்ளையைத் துவாயில் சுற்றித் தூக்கிக்கொண்டே போங்கள். "அக்கா பார்த்துக்கொள்வாள்தானே" என்று 7 வயது அக்காவை நம்பி விட்டுவிட்டுப் போவது கூடாது, அவளும் பிள்ளைதான்.

வழுக்கலுக்கு வருவோம். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வருகிற தண்ணீர், சவர்க்காரம் லேசில் நுரைக்காது. அந்தச் சவர்க்காரமும் சுண்ணாம்பும் சேர்ந்து மாபிளில் ஒரு மங்கல் வெள்ளைப் படையாகப் பிடிக்கும், காய்ந்திருக்கும்போது வழுக்காது, ஈரம் பட்டதும் வழுக்கும். விரிப்புக்கு அடியிலும் இதே கதைதான், அதனால் ஒவ்வொரு நாளும் குளிப்பு முடிய விரிப்பைத் தூக்கிக் காயப் போடுங்கள். உங்கள் தரை உண்மையான மாபிள் கல்லாக இல்லாமல் ரைல்ஸாக இருந்தால், படையை எடுக்க வினாகிரி ஊற்றிக் கொஞ்ச நேரம் விட்டுத் தேய்த்தால் போகும். வினாகிரியையோ கொமட் கழுவுகிற அசிட்டையோ குளோரீனோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும். அசிட்டைச் சோடாப் போத்தலில் ஊற்றி மூலையில் வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள், பிள்ளைக்கு அது சோடாதான். தப்பித் தவறிக் குடித்துவிட்டால் சத்தி எடுக்க வைக்க வேண்டாம், உடனே 1990 இற்கு அழைத்து அம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், போத்தலையும் கையோடு எடுங்கள்.

சுடுதண்ணீர் கலப்பதென்றால் முதலில் பச்சைத்தண்ணீர், பிறகுதான் கேத்தில் தண்ணீர். கலந்து முடியும்வரை பிள்ளை வெளியே நிற்கட்டும். உங்கள் முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடு என்றே தோன்றக்கூடாது, 37 பாகை அளவு போதும். 60 பாகைத் தண்ணீர் சில வினாடிகளிலேயே பிள்ளையின் தோலை அவித்துவிடும். பட்டுவிட்டால் 20 நிமிடம் பைப் தண்ணீரைப் பிடியுங்கள், பற்பசை பூச வேண்டாம், பிறகு வைத்தியரிடம் காட்டுங்கள்.

சரி, அழுகை. பெரும்பாலான பிள்ளைகள் தண்ணீருக்கு அழுவதில்லை, சொல்லாமல் கொள்ளாமல் முகத்தில் வந்து விழுகிற தண்ணீருக்குத்தான் அழுகிறார்கள். அம்மம்மாவிடம் பழைய மூக்குப்பேணி ஒன்று இருந்தால் கேட்டு வாங்குங்கள், அதன் மூக்கால் மெல்லிய தாரையாகத்தான் தண்ணீர் வரும், தலையின் பின்பக்கத்தில் பார்த்து ஊற்றலாம். மடித்த துணியை அவளே நெற்றியில் பிடித்துக்கொள்ளட்டும், மேலே பார்க்கச் சொல்லுங்கள், "ஒன்று, இரண்டு, மூன்று" சொல்லி மூன்றில்தான் ஊற்ற வேண்டும், இரண்டில் ஊற்றி ஏமாற்றினால் அடுத்த நாள் நம்பமாட்டாள். முதலில் பொம்மைக்கு அவள் வார்க்கட்டும். நாள்தோறும் தலைக்கு வார்க்கத் தேவையில்லை, வாரத்துக்கு இரண்டு மூன்று தரம் போதும், அந்தச் சண்டை குறைந்தாலே குளியலறையோடு அவளுக்கு இருக்கிற பாதிக் கோபம் போய்விடும்.

விளையாட்டுக்கு அகலமான பேசினில் கணுக்கால் மட்டத்துக்குத் தண்ணீர் விட்டால் தாராளம், நீங்கள் பக்கத்தில் இருந்தால் சரி. விளிம்பை நன்றாக மினுக்கிய சிரட்டை ஒன்றில் நாலைந்து ஓட்டை போட்டுக் கொடுத்துப் பாருங்கள், மழை பெய்ய வைத்துக்கொண்டு கால் மணித்தியாலம் இருப்பாள். முடிந்ததும் பேசினை அவளோடு சேர்ந்து கவிழ்த்து ஊற்றுங்கள், இந்த வயதில் ஊற்றுவது என்றால் அவர்களுக்குக் கொண்டாட்டம். கடையில் விற்கிற, அமுக்கினால் தண்ணீர் பீச்சுகிற ரப்பர் வாத்துகளை நான் வாங்கச் சொல்லமாட்டேன். உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும், வாத்தை அறுத்துப் பார்த்தால்தான் அது தெரியும்.