கண்ணாடி இல்லாத கனி

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான்கு வருடமாக உங்கள் தளத்தை வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

எங்கள் பூர்வீகம் நாகர்கோவில். இப்போது சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு. இந்த வருடம் சித்திரை ஒன்றாம் தேதி சொந்தக்காரர்களையும் தோழிகளின் குடும்பங்களையும் காலைச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தேன். மொத்தம் பதினான்கு பேர். புத்தாண்டு அன்று கண் விழித்ததும் முதலில் காணும் கனியைச் சாப்பாட்டு மேசையிலேயே வைத்தேன். மாந்தளிர் நிறத்தில் விரிப்பு, அரக்கு பார்டர். அந்த நிறம் கிடைக்க மூன்று கடை ஏறி இறங்கினேன். கரை சரியாக மேசை விளிம்பில் விழும்படி மடித்துத் தைத்தேன். மேலே வெண்கல உருளி, பச்சரிசி, மா, பலா, வாழை, வெள்ளரி. சுற்றிலும் கிண்ணங்களில் மிதக்கும் மெழுகுவத்தி. கொன்றைப் பூ கிடைக்கவில்லை என்று பிளாஸ்டிக் கொன்றைச் சரம் வாங்கித் தொங்கவிட்டேன். கண்ணாடியும் வைத்தேன். படம் எடுக்கும்போது போனும் எங்கள் தலைகளும் அதில் விழுந்ததால் எடுத்துவிட்டேன். மாமனார் தவறி ஒன்றரை வருடம் ஆகிறது. எல்லாரும் கனி பார்த்து முடிக்கும் வரை மாமியார் உள்ளறையிலேயே இருந்துகொண்டார்.

வந்தவர்கள் எல்லாரும் அழகு என்றார்கள். ஆனால் ஒரு தோழி, “இது மலையாளிகளோட விஷுதானே?” என்று கேட்டாள். பெரியப்பா, “கனியை மேசையில வைக்கலாமா, தரையிலதான் வைக்கணும்” என்றார். பிளாஸ்டிக் பூ வைத்தது தப்பா? அடுத்த வருடம் இன்னும் முறையாக, அழகாக அலங்கரிக்க என்ன செய்யலாம்? படங்களை இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
வ.

அன்புள்ள வ.,

படங்களைப் பார்த்தேன். மேசை அழகாகத்தான் இருக்கிறது. அந்த விரிப்பின் மேல் வெண்கலம் எடுப்பாகத் தெரிகிறது. சிரத்தையாகச் செய்த வேலை என்பது பார்த்ததுமே புரிகிறது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்துச் சொல்லப்போவது உங்களுக்கு வலிக்கும்.

சில்லறைகளைத் தீர்த்துவிடுவோம். மேசையா தரையா என்பதெல்லாம் ஒரு கேள்வியே இல்லை. தரையில் உட்கார்ந்து வாழ்ந்தோம், தரையில் வைத்தோம். பெரியப்பா இப்போது எதில் உட்கார்ந்து சாப்பிடுகிறாரோ அதன் முன்னால் வைப்பதுதான் நியாயம். மலையாளிகளுடையது என்று ஒருத்தி சொன்னதும் நாகர்கோவில்காரியான நீங்கள் பதில் தெரியாமல் நின்றீர்களே, அதுதான் எனக்கு வருத்தம். 1956 நவம்பர் ஒன்றாம் தேதி வரை நம் ஊர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. அதன் பிறகும் கனியும், பெரியவர்கள் காசு கொடுக்கும் கைநீட்டமும் வீட்டை விட்டுப் போகவில்லை. திருநெல்வேலிப் பக்கம் அந்த நாளுக்குப் பெயரே சித்திரை விசு. பாபநாசத்தில் அன்று தாமிரபரணியில் முங்கி எழக் கூட்டம் கூட்டமாக வருவார்கள். கோவையில் சித்திரைக்கனி என்பார்கள். புலியகுளம் முந்தி விநாயகரை அன்றைக்கு டன் கணக்கான பழங்களுக்கு நடுவில்தான் பார்க்க முடியும். மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள வழக்கம் இது. உங்கள் தோழியிடம் இவ்வளவு சொன்னால் போதும்.

இனி கண்ணாடி.

‘எடுத்துவிட்டேன்’ என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டீர்கள். நான் இரண்டு நாள் அந்தச் சொல்லிலேயே நின்றேன். அதற்குக் காரணம் உண்டு. போன மாசியில், பூதப்பாண்டிப் பக்கத்தில் எங்கள் பழைய வீட்டை விலை பேசிவிட்டு, சாமான்களை ஒதுக்கப் போயிருந்தேன். மச்சில் ஓலைப்பெட்டிக்குள் அப்பாவின் சவரக் கண்ணாடி கிடைத்தது. ஒரு சாண் உயரம், தேக்குச் சட்டம், இடது மூலையில் ரசம் போய்க் கறுப்புப் புள்ளிகள். இதை எழுதும்போது அது என் எதிரில்தான் இருக்கிறது. வருடம் முழுக்கத் திண்ணைத் தூணில் ஆணியில் தொங்கும். பங்குனி கடைசி நாள் ராத்திரி அம்மா அதைக் கழற்றி, திருநீறு போட்டுத் துடைத்து, உள்ளே கொண்டு போவாள். மறுநாள் மத்தியானம் வரை அப்பாவுக்கே அதைத் தொட அனுமதி கிடையாது.

நாங்கள் தூங்கிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு அம்மா கனி வைப்பாள். நான் போர்வைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். உருளியில் நெல்லும் பச்சரிசியும் பாதிக்குப் பாதி. அதன்மேல் மட்டிப்பழச் சீப்பு, மாங்காய்க் கொத்து, மஞ்சளாகப் பழுத்த வெள்ளரி, வெற்றிலை பாக்கு, கோடி வேட்டி, அவள் கழுத்துச் சங்கிலி. பலாப்பழம் உருளிக்குள் அடங்காது, பக்கத்தில் இருக்கும். இவ்வளவும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். கண்ணாடிக்குத்தான் அரைமணி நேரம் ஆகும். உருளிக்குப் பின்னால் அதை நிறுத்தி, முதுகில் தேங்காய் முறியை முட்டுக்கொடுப்பாள். எதிரில் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்து பார்ப்பாள். எழுந்து போய் தேங்காயை ஒரு விரற்கடை நகர்த்துவாள். மறுபடியும் உட்காருவாள். பிறகு முதுகை வளைத்துக் குனிந்து, என் தம்பியின் உயரத்துக்கு வந்து பார்ப்பாள். மறுபடியும் எழுந்து போவாள். ஒரு தடவை நான் போர்வையை விலக்கி, என்ன செய்கிறாய் என்று கேட்டேன். “மொகம் வெள்ளரிக்கும் வெளக்குக்கும் நடுவுல வரணும் மக்களே” என்றாள்.

கனி என்பது அதுதான். விடிவதற்கு முன் ஒருவர் வந்து உங்களை எழுப்புகிறார். கண்ணைப் பொத்திக் கூட்டிப்போய் உட்காரவைக்கிறார். கண்ணைத் திறந்தால் நெல், பழம், பொன், விளக்கு, நடுவில் உங்கள் முகம். தூக்கம் கலையாத, சீவாத தலையோடு இருக்கிற முகம். அந்த முகமும் உருளியில் வைத்த ஒரு பொருள்தான். இந்த வருடத்துக்கு மங்கலமானவை இவையெல்லாம், அதில் நீயும் ஒன்று என்று வீடு உங்களிடம் சொல்லுகிறது. கண்ணாடியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பழக்கடை. வந்தவர்கள் வெளியே நின்று பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். உங்கள் வீட்டில் நடந்தது அதுதானே?

மலையாள வீடுகளில் வசதி உள்ளவர்கள் ஆறன்முளைக் கண்ணாடியை வைப்பார்கள். செம்பும் வெள்ளீயமும் உருக்கி வார்த்து, நாள்கணக்கில் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பேற்றிய உலோகம் அது. நம் வீட்டுக் கண்ணாடியில் விரலை வைத்தால் விரலுக்கும் பிம்பத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரியும். அதில் தெரியாது. விரல் நுனியும் பிம்பமும் தொட்டுக்கொண்டு நிற்கும். ஒரு காலத்தில் நான் புனேயில் வேலை பார்த்தேன். கீழ்வீட்டில் ஈரானிலிருந்து படிக்க வந்த ஒரு தம்பதி. மார்ச் 21ஆம் தேதி வாக்கில் அவர்களுக்கு நவ்ரூஸ், வசந்தத்தில் பிறக்கும் புத்தாண்டு. மேசையில் ஏழு பொருள் வைப்பார்கள். முளைவிட்ட கோதுமை, பூண்டு, ஆப்பிள், வினிகர் என்று ஏழுமே பாரசீகத்தில் ‘ஸ’வில் தொடங்குபவை. அந்த ஏழோடு மெழுகுவத்தியும், பின்னால் சாய்த்து நிறுத்திய கண்ணாடியும் இருந்தன. அதில் என் முகத்தைப் பார்த்ததும் அம்மாவை நினைத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணும் கண்ணாடியைச் சரிசெய்து சரிசெய்து வைத்துக்கொண்டிருந்தாள். யார் யாரிடம் கற்றார்கள் என்ற ஆராய்ச்சியில் எனக்கு ஆர்வம் இல்லை.

படத்தில் போன் விழுகிறது என்கிறீர்கள். விழத்தான் செய்யும், எதிரில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றால். படம் எடுக்கும் ஐந்து நிமிடத்துக்குக் கண்ணாடியை ஒதுக்கி வைத்துவிட்டு, பிறகு திரும்ப வைத்திருக்கலாமே. அது உங்களுக்குத் தோன்றவே இல்லை. எனக்குக் கோபம் அங்கேதான். பதினான்கு பேர் வந்தார்கள். ஒருவர்கூட உங்கள் கனியில் தன் முகத்தைப் பார்க்கவில்லை.

அதைவிடப் பெரிய கோபம் இன்னொன்றில். விரிப்புக்கு மூன்று வாக்கியம் எழுதியிருக்கிறீர்கள். எத்தனை கடை, எந்தக் கரை, எப்படி மடித்துத் தைத்தேன் என்று. மாமியார் உள்ளறையில் இருந்துகொண்டார் என்பதற்கு ஒரு வாக்கியம். ஒரு கேள்வி கிடையாது, ஒரு வருத்தம் கிடையாது. அது அப்படித்தான் என்பதுபோல எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டீர்கள். யாராவது அவரை அழைத்தீர்களா வ.?

1972 என்று நினைவு. நான் மூன்றாம் வகுப்பு. அப்பாவின் தங்கை எங்களோடு இருந்தாள். இருபத்தாறு வயது, கணவர் போய் இரண்டு வருடம். சித்திரை ஒன்றாம் தேதி விடிகாலையில் எல்லாரும் கனி கண்டு முடிக்கும் வரை அத்தை அடுக்களைக்குப் பின்னால் தொழுவத்தில் இருப்பாள். போ என்று யாரும் சொன்னதில்லை. அவளாகவே போய்விடுவாள், உங்கள் மாமியாரைப் போலவே. அந்த வருடம் அம்மா எங்களை எழுப்புவதற்கு முன் தொழுவத்துக்குப் போனாள். நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். சத்தம் கேட்டது.

“வா பிள்ளே.”

“வேண்டாம் மயினி. பிள்ளைய பாக்கட்டு மொதல்ல.”

“கண்ண மூடு.”

அம்மா பின்னால் நின்று அவள் கண்ணைப் பொத்தி, அடிமேல் அடி வைத்து நடத்திக்கொண்டு வந்தாள். அத்தையின் கால் நிலைப்படியில் இடித்தது. உட்காரவைத்துக் கையை எடுத்தாள். அத்தை கண்ணைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன், அழவில்லை. கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “ரொம்ப மெலிஞ்சு போயிட்டேனா மயினி?” என்று கேட்டாள்.

“மெலியாம? ரெண்டு வருசமா வயிறு நெறையத் தின்னியா நீ?” என்றாள் அம்மா.

அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். பிறகு எங்களை ஒவ்வொருவராக எழுப்பினார்கள். தம்பியின் கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தது அத்தைதான்.

ஆச்சி அன்று முழுக்க அம்மாவோடு பேசவில்லை. அத்தைக்குக் கைநீட்டம் கொடுக்கவும் இல்லை. அப்பாதான் எட்டணாவை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். அந்த ஆடியில் எங்கள் எருமைக்கன்று செத்தது. ஆச்சி அம்மாவைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அதற்கு முந்தின ஆடியிலும் ஒரு கன்று செத்திருந்தது. முந்தின அந்த வருடம் வீட்டில் முதல் கனி கண்டவர் அப்பா. அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. உங்கள் பெரியப்பா போன்றவர்கள் ஏதாவது முனகினால் இந்தக் கன்றுக் கணக்கைச் சொல்லுங்கள்.

என் கணவர் போய் மூன்று வருடம் ஆகிறது. என் வீட்டில் கனி வைப்பவளும் நான்தான், முதலில் காண்பவளும் நான்தான். கண்ணை நானே மூடிக்கொண்டு சுவரைத் தடவி நடந்து வருகிறேன். ஒரு கை பின்னாலிருந்து வந்து பொத்தினால் எப்படி இருக்கும் என்று ஒவ்வொரு வருடமும் நினைக்கிறேன். உங்கள் வீட்டில் அதற்கு ஆள் இருக்கிறது. நீங்கள் இருக்கிறீர்கள்.

பூவை மறந்தே போனேன். பிளாஸ்டிக் வேண்டாம். அது தப்பு என்பதால் சொல்லவில்லை. அடுத்த வருடம் அதையே தூசி தட்டி வைப்பீர்கள், கொன்றை எப்போது பூக்கிறது என்று மரத்தை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டீர்கள். சென்னைச் சாலைகளில் சித்திரையில் மஞ்சளாகப் பூத்து நிற்பதெல்லாம் கொன்றை அல்ல. பூங்கொத்து மேல்நோக்கி நிமிர்ந்து நின்றால் அது பெருங்கொன்றை, வேறு மரம். சரம் சரமாகக் கீழ்நோக்கித் தொங்குவதுதான் சரக்கொன்றை. பங்குனி பாதியிலிருந்தே பார்த்து வையுங்கள், ஒரு மரம் கண்ணில் படாமல் போகாது. ஒரு கொத்து போதும். சாயங்காலம் காம்போடு ஒடித்துத் தண்ணீரில் வையுங்கள். விடிவதற்குள் பாதி இதழ் உதிர்ந்துவிடும். உதிர்ந்ததை அரிசியின் மேலேயே விட்டுவிடுங்கள். கொன்றை கிடைக்காவிட்டால் வேப்பம்பூ வையுங்கள், பச்சடிக்கு எப்படியும் வாங்கத்தானே போகிறீர்கள். மிதக்கும் மெழுகுவத்தி இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் உங்கள் படத்தில் மேலே டியூப்லைட் எரிகிறது. அதை அணைத்துவிடுங்கள். முகத்தில் விளக்கு வெளிச்சம்தான் விழ வேண்டும்.

கண்ணாடிக்கு ஆறன்முளையெல்லாம் தேடிப் போக வேண்டாம். வீட்டில் இருப்பது போதும். பங்குனி கடைசி ராத்திரி எல்லாம் வைத்து முடித்த பிறகு, எதிரில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். மாமியார் உங்களைவிட உயரமா, குள்ளமா என்பது உங்களுக்குத் தெரியும். அவர் உட்கார்ந்தால் கண் எங்கே வருமோ அந்த உயரத்துக்கு வந்து பாருங்கள். முகம் வெள்ளரிக்கும் விளக்குக்கும் நடுவில் வரவில்லையென்றால் எழுந்து போய் தேங்காய் முறியை ஒரு விரற்கடை நகர்த்துங்கள்.

அன்புடன்,
அக்கா