பெடலை விட்டாலும் பிரேக் விடவில்லை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னுடையது 1972 மாடல் எம்.ஜி.பி. ரோட்ஸ்டர், பழைய பிரிட்டிஷ் திறந்த ஸ்போர்ட்ஸ் கார். கிளம்பும்போது நன்றாகத்தான் ஓடுகிறது. எட்டுப் பத்து கிலோமீட்டர் போனதும் வண்டி திணறுகிறது. முன் இடது சக்கரம் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது. ஆறியதும் சரியாகிவிடுகிறது. டிஸ்கை இரு பக்கமும் பேட்களால் பிடிக்கும் காலிப்பர் இரண்டையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பதில்: பொறுங்கள். பெடலை விட்ட பிறகும் பிரேக் ஆயில் லைனில் அழுத்தம் நிற்கிறதா, அழுத்தம் இறங்கியும் காலிப்பருக்குள் பேடை அழுத்தும் பிஸ்டன் துருவில் சிக்கியிருக்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும். அதற்கு ஒரு ஸ்பேனர் போதும்.

ஓட்டி வந்து, பிரேக் பிடித்திருக்கும்போதே பாருங்கள். ஆறிய வண்டி எதையும் காட்டாது. பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். டிஸ்க் பிரேக்கில் லேசான உரசல் இருக்கத்தான் செய்யும். சுற்றவே முடியவில்லை என்றால், காலிப்பரின் பிளீடிங் நிப்பிளை (லைனிலிருந்து காற்றை வெளியேற்றும் திருகை) அரைச் சுற்று தளர்த்துங்கள். ஆயில் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால் காலிப்பர் மேல் குற்றமில்லை. நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால்தான் பிஸ்டனைச் சந்தேகிக்க வேண்டும்.

அழுத்தம்தான் நிற்கிறது என்றால் நிப்பிளை மூடி, பெடலை மிதித்து மறுபடி பிடிக்க வையுங்கள். இப்போது ரப்பர் ஹோஸ் இரும்புக் குழாயோடு சேரும் இடத்தில், குழாயின் நட்டைத் தளர்த்துங்கள். சக்கரம் விட்டால் கோளாறு மேலே, பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம். விடாவிட்டால் ஹோஸ். ஒரே சக்கரம் மட்டும் பிடிப்பதால் எங்கள் சந்தேகம் ஹோஸ் மேல்தான். வெளியே பார்க்கப் புதிது போல இருக்கும். உள்ளே ரப்பர் உப்பி வழியை அடைத்திருக்கும். கால் மிதிக்கும் வேகத்துக்கு ஆயில் எப்படியும் உள்ளே போய்விடும். ஆனால் டிஸ்க் பிரேக்கில் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் கிடையாது. மிதிக்கும்போது சற்று வளையும் சீல் (பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம்) பழைய நிலைக்குத் திரும்புவதுதான் அதை இழுக்கிறது. அந்தச் சிறு விசையால் அடைப்பைத் தாண்டி ஆயிலைத் திருப்பி அனுப்ப முடியாது.

ஹோஸை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். முறுக்கு விழாமல் பூட்டி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, டயரில் உரசுகிறதா என்று பாருங்கள். பிறகு டாட் 4 தரப் பிரேக் ஆயில் ஊற்றி, லைனிலுள்ள காற்றை எடுங்கள். இந்த ஆயில் பெயிண்டை அரிக்கும். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

பிஸ்டன்தான் காரணம் என்றாலும் முழுக் காலிப்பர் தேவைப்படுவது அபூர்வம். துருப்பிடித்துக் குழி விழுந்த பிஸ்டனுக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிஸ்டனும் புதுச் சீலும் போடலாம். காலிப்பரின் இரு பாதிகளைப் பிரிக்காதீர்கள். சீல் உட்காரும் பள்ளத்தைச் சுத்தம் செய்து, புது பிரேக் ஆயிலையோ சிவப்பு ரப்பர் கிரீஸையோ தடவிப் பூட்டுங்கள். மண்ணெண்ணெய், எஞ்சின் ஆயில், சாதாரண கிரீஸ் எதுவும் கிட்டே வரக் கூடாது. பட்டால் ரப்பர் உப்பிவிடும்.

கேள்வி: 1978 எம்.ஜி.பி. பிரேக் லைட் சுவிட்ச் மாற்றிய நாளிலிருந்து நாலு சக்கரமும் பிடிக்கின்றன. சுவிட்சுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பதில்: நிறையவே. பெடல் வந்து முட்டும் இந்தச் சுவிட்சை அதிகமாக உள்ளே திருகிவிட்டால் பெடல் முழுதாகத் திரும்பாது. மாஸ்டர் சிலிண்டரில் பைபாஸ் துளை என்று ஒரு நுண்ணிய ஓட்டை உண்டு. சூட்டில் விரியும் ஆயில் ரிசர்வாயருக்குத் திரும்பும் வழி அதுதான். பெடல் கொஞ்சம் உள்ளே நின்றாலும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனின் ரப்பர் கப் அந்தத் துளையை மூடிவிடும். ஆயில் விரிய விரிய பேட் அழுந்தும், பேட் அழுந்த அழுந்தச் சூடு ஏறும். சுவிட்சின் லாக் நட்டைத் தளர்த்திப் பின்வாங்குங்கள். பெடல் நுனியில் சுமார் 3 மி.மீ. சும்மா ஆட வேண்டும். லேசாக மிதித்ததும் விளக்கும் எரிய வேண்டும்.

கேள்வி: பின் சக்கரம் இரண்டும் மட்டும் பிடித்தால்?

பதில்: முதலில் ஹேண்ட் பிரேக் கேபிளைப் பாருங்கள். அதை முழுக்கத் தளர்த்திவிட்டு, டிரம் பிரேக்கின் பின் தட்டிலுள்ள சதுரத் தலை அட்ஜஸ்டரைச் சக்கரம் பூட்டும்வரை திருகி, தடையில்லாமல் சுற்றும்வரை பின்வாங்குங்கள். கேபிளைக் கடைசியில் இறுக்குங்கள். பலரும் ஷூவை (டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் பிரேக் கட்டையை) சரிசெய்யாமல் கேபிளை மட்டும் இழுத்துவிடுகிறார்கள். கேபிள் தளர்ந்த பிறகும் பிடித்தால், பின் அச்சுக்குப் போகும் ஒற்றை ஹோஸை முன்பு சொன்னபடி சோதியுங்கள்.