கரண்ட் போனால் சம்ப் வழியுமா? பெரிய பவளத் தொட்டிக்கான அளவுக் கணக்கு

கேள்வி: 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் பவளத் தொட்டி அமைக்கிறேன். ஸ்டாண்டுக்குள் நான்கரை அடி நீளம், 20 அங்குல அகலம் இடம் இருக்கிறது. சம்ப் எவ்வளவு பெரிதாக வேண்டும்? எத்தனை அறை? கரண்ட் போனால் தரையில் தண்ணீர் வருமா? (சென்னை வாசகர்)

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குவோம். மற்ற இரண்டுக்கும் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. சம்ப் என்றதும் நம் ஊரில் லாரித் தண்ணீர் இறக்கும் வாசல் தொட்டிதான் நினைவுக்கு வரும். அதில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதே பேச்சு. மீன்தொட்டிக்கு அடியில் வைக்கும் சம்ப், மேலிருந்து தண்ணீர் வந்து சுத்தமாகித் திரும்பும் துணைத் தொட்டி; அதில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ‘தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு’ என்று சொல்வதெல்லாம் வெறும் தோராயம்.

உங்கள் தொட்டியின் மேற்பரப்பு 180 × 60 செ.மீ. மட்டம் 1 செ.மீ. இறங்கினால் 10.8 லிட்டர் கீழே வரும். பம்ப் நின்றதும், சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே அனுப்பும் ரிட்டர்ன் குழாய் சைஃபனாக மாறித் தண்ணீரை இழுக்கும். குழாய் வாய் காற்றில் படும்வரை விடாது. வாய் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 54 லிட்டர். தொட்டித் தண்ணீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் குழாய்களிலும் இருக்கும் 20 லிட்டரையும் சேர்த்தால் 75. வாயை 2 செ.மீ. ஆழத்துக்கு ஏற்றினால் இதுவே 40 லிட்டர் சொச்சம்தான்.

120 × 45 × 45 செ.மீ. சம்ப் உங்கள் இடத்துக்குப் பொருந்தும். அதில் 1 செ.மீ. என்பது 5.4 லிட்டர். ஓடும்போது மட்டத்தை 23 செ.மீ.யில் வைத்தால், 75 லிட்டர் இறங்கினாலும் 37 செ.மீ.யில் நின்றுவிடும். விளிம்புக்கு இன்னும் 8 செ.மீ. மிச்சம். தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வை நம்பி இந்தக் காலியிடத்தைக் குறைக்காதீர்கள். ஒரு சின்ன நத்தையோ சுண்ணாம்புப் படிவோ மாட்டினால் வால்வு முழுதாக மூடாது. சைஃபனை உடைக்கக் குழாயில் போடும் துளையையும் பாசி அடைக்கும்; இரண்டு துளை போட்டு மாதம் ஒருமுறை குத்திவிடுங்கள்.

இதற்கு நேர்மாறான வெள்ளமும் உண்டு, அதைப் பலர் யோசிப்பதில்லை. டிரெய்ன் (தண்ணீர் சம்ப்புக்கு இறங்கும் குழாய்) அடைத்துக்கொண்டால் பம்ப் தன் அறையில் உள்ளதையெல்லாம் மேலே தள்ளும். ரிட்டர்ன் அறையை 30 செ.மீ. நீளத்தோடு நிறுத்தினால், பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கும்வரை போவது 18 லிட்டருக்குள்தான், மேலே 1.6 செ.மீ. ஏறும். ஆகவே தொட்டி விளிம்பில் 3 செ.மீ. விட்டுவிடுங்கள். ஆனால் அந்த நேரத்தில், ஆவியான தண்ணீரைத் தானாக ஈடுகட்டும் ஆட்டோ டாப்-அப், மட்டம் குறைந்துவிட்டது என்று நினைத்து நல்ல தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்கும். ஒரு தடவைக்குச் சில நிமிடத்துக்கு மேல் ஓடாதபடி நேரக் கட்டுப்பாடு உள்ள டாப்-அப்பாகவே வாங்குங்கள். அதன் ஆர்ஓ தண்ணீர் டப்பா 40 லிட்டர் போதும்; முழுவதும் கொட்டிவிட்டாலும் உப்பு ஆயிரத்துக்கு 35லிருந்து 33க்குத்தான் இறங்கும். சென்சாரை ரிட்டர்ன் அறையில்தான் பொருத்த வேண்டும், ஆவியாவதால் மட்டம் இறங்குவது அங்கே மட்டும்தான் தெரியும்.

அறைகளை இப்படிப் பிரியுங்கள்: டிரெய்ன் விழும் இடமும் ஃபில்டர் சாக்கும் 20 செ.மீ., ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கிக் கோப்பையில் சேர்க்கும் கருவி) 55, குமிழித் தடுப்பு (குமிழி மேலே போகாதபடி நிறுத்தும் மூன்று கண்ணாடி) 10, ரிட்டர்ன் 30. மீதி கண்ணாடித் தடிமனுக்குப் போய்விடும். இந்த அளவில் பாசி வளர்க்கத் தனி அறை கேட்டால் ஸ்கிம்மருக்குத்தான் இடம் குறையும். எங்கள் கருத்தில் வேண்டாம்.

குமிழித் தடுப்பில் முதல் கண்ணாடி 23 செ.மீ. உயரம். இரண்டாவது, தரையிலிருந்து 5 செ.மீ. தூக்கி ஒட்டியது. மூன்றாவது 20 செ.மீ. முதல் கண்ணாடிதான் ஸ்கிம்மர் அறையின் மட்டத்தை மாறாமல் பிடித்துவைக்கிறது. ஸ்கிம்மர் தயாரிப்பாளர் சொல்லும் ஆழத்தைப் பார்த்து அந்த 23ஐ ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். இடைவெளியை 2.5 செ.மீ. என்று வைப்பது வழக்கமான பிழை. மணிக்கு 3000 லிட்டர் ஓட்டத்தில் அந்தச் சந்தில் தண்ணீர் விநாடிக்கு 7 செ.மீ. வேகத்தில் பாயும், குமிழி மேலே வர அவகாசம் கிடைக்காது. 5 செ.மீ. விட்டால் வேகம் பாதியாகும். ரிட்டர்ன் அறை மட்டம் மூன்றாம் கண்ணாடிக்கு 2 செ.மீ. கீழே இருக்கட்டும், அதிகம் இறங்கினால் அருவியாக விழுந்து மறுபடி குமிழி கிளப்பும்.

ஓட்டம் மணிக்கு 2000 முதல் 3000 லிட்டர் தாராளம். பவளத்துக்கு வேண்டிய அலையை மேலே உள்ள வேவ்மேக்கர் கொடுக்கும். பம்ப் பெட்டியில் அச்சிட்ட எண்ணைப் பார்க்காமல், ஒன்றரை மீட்டர் உயரத்தில் எவ்வளவு தள்ளும் என்ற கிராஃபைப் பாருங்கள்.

டிரெய்னுக்கு இரண்டு குழாய்: ஒன்று முழு சைஃபன் (காற்றே இல்லாமல் தண்ணீர் நிறைந்து ஓடுவது), கேட் வால்வுடன், மற்றது அவசரத்துக்கு, வால்வு இல்லாமல். சைஃபன் குழாயின் முனை சம்ப் தண்ணீருக்குள் 2–3 செ.மீ. மட்டும் முங்கட்டும். ஆழமாக முங்கினால் கரண்ட் வந்தபின் உள்ளே சிக்கிய காற்று வெளியேறாமல் சைஃபன் பிடிக்காது. ஹார்டுவேர் கடையில் கேட் வால்வு கேட்டால் பித்தளையைத்தான் முதலில் நீட்டுவார்கள். வாங்காதீர்கள், அதிலிருந்து கசியும் செம்பு பவளத்தையும் இறாலையும் கொல்லும். பிவிசி வால்வே வேண்டும்.

சென்னையின் வண்ணமீன் சந்தையான கொளத்தூரில் சொல்லிச் செய்தால் வெளிக் கண்ணாடி 8 மி.மீ., தடுப்பு 6 மி.மீ., பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிக்கான் என்று எழுதிக் கொடுங்கள். ஆர்டருக்கு முன் இரண்டு அளவு எடுங்கள்: ஸ்டாண்டின் கதவு வழியே சம்ப் நுழையுமா, ஸ்கிம்மர் கோப்பையைத் தூக்கி வெளியே எடுக்க மேலே 12–15 செ.மீ. இருக்கிறதா.

இன்னொன்று. கரண்ட் திரும்பும்போது சம்ப் மட்டம் ஏறி நிற்கும். ஸ்கிம்மர் உடனே ஓடினால் கோப்பை அழுக்கு வழிந்து தொட்டிக்கே திரும்பும். அதற்கு மட்டும் 10 நிமிடத் தாமதம் தரும் பிளக் போடுங்கள். இன்வெர்டரில் ஒன்றைத்தான் இணைக்க முடியும் என்றால் ரிட்டர்ன் பம்ப்பை விட்டுவிட்டு வேவ்மேக்கரை இணையுங்கள்.

உப்பு போடுமுன் சாதாத் தண்ணீரில், ரிட்டர்ன் அறை மட்டம் மூன்றாம் கண்ணாடிக்கு 2 செ.மீ. கீழே இருக்கும்படி ஓட்டிப் பார்த்து, பிளக்கைப் பிடுங்குங்கள். எல்லாம் இறங்கி நின்றபின் மட்டம் விளிம்புக்குக் குறைந்தது 5 செ.மீ. கீழே இல்லாவிட்டால், அந்த அளவு வரும்வரை சம்ப்பிலிருந்து தண்ணீரை எடுங்கள். மறுபடி பம்ப்பைப் போட்டு, 10 நிமிடம் கழித்து ரிட்டர்ன் அறையில் நிற்கும் மட்டத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். அதற்குமேல் எப்போதும் நிரப்பக்கூடாது.