52-இல் 27 போனால் எத்தனை? ஆன்லைன் படிப்பு பற்றிக் கணக்கு டீச்சரிடம் கேள்வி பதில்

அரசு நடுநிலைப் பள்ளியில் 22 வருடமாகக் கணக்கு எடுக்கிறேன். 2020 மார்ச்சில் பள்ளியை மூடியதிலிருந்து போன், டிவி, ஸ்மார்ட் போர்டு என்று எல்லாவற்றிலும் பாடம் நடத்திப் பார்த்துவிட்டேன். வந்திருக்கும் கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

தேனியிலிருந்து ஒரு அம்மா: மகள் மூன்றாம் வகுப்பு. கணக்குக்கு எந்த ஆப் நல்லது டீச்சர்?

முதலில் அரசுப் பாடப்புத்தகத்தைத் திறங்கள். 2018-இல் வந்த புதிய புத்தகங்களிலிருந்தே பாடத்துக்குள் கியூஆர் கோடு இருக்கிறது. ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோ வரும், காசு கிடையாது. ஆனால் ஒன்று: வீடியோ ஓடும்போது பிள்ளையின் கையில் பென்சில், மடியில் நோட்டு. பார்த்தது எல்லாம் படித்தது ஆகாது.

கல்லூரி மாணவர், திருநெல்வேலி: ஒரே வீடியோ பாடத்தை மூன்று தடவை பார்க்கிறேன். அப்போது எல்லாம் புரிகிறது. தேர்வில் ஒன்றும் வருவதில்லை. ஏன்?

தம்பி, புரிவதும் நினைவில் நிற்பதும் வேறு வேறு. ரோடிகர், கார்பிக் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் இருவர் 2006-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு குழு பாடப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். உங்களுக்கு நடப்பதும் இதுதான். இரண்டாம் தடவை பார்க்காதீர்கள். வீடியோவை மூடிவிட்டு ஒரு வெள்ளைத் தாளில் நினைவில் இருப்பதையெல்லாம் எழுதுங்கள். விட்டுப்போன இடத்தை மட்டும் திரும்பப் போய்ப் பாருங்கள்.

மாணவி, சேலம்: மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயத்தில் படித்தால் கல்லூரியில் கணக்கில் எடுத்துக்கொள்வார்களா?

எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. ஒரு செமஸ்டரில் 40 சதவீதப் பாடம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2021-இல் விதி வகுத்திருக்கிறது. எந்தப் பாடத்துக்கு ஒப்புதல் என்று உங்கள் துறைத் தலைவரிடம் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள், பிறகு போய்க் கேட்காதீர்கள்.

பெற்றோர், ஓசூர்: எட்டாம் வகுப்புக்கு எந்த ஆப் சிறந்தது?

தேனி அம்மாவுக்குச் சொன்னதேதான்.

இளம் ஆசிரியர், தருமபுரி: 40 நிமிடப் பாடத்தைப் பதிவு செய்து குரூப்பில் போடுகிறேன். யாரும் முழுதாகப் பார்ப்பதில்லை.

பெரியவர்களே பார்ப்பதில்லை சார். எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் 69 லட்சம் தடவை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை அலசி 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், பாதித் தடவையாவது 6 நிமிடத்துக்குள் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆறு நிமிடத்தில் ஒரே ஒரு விஷயம், கடைசியில் நோட்டில் போட ஒரு கணக்கு. அப்புறம் நேரம். என் வகுப்பில் பாதி வீடுகளில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ராத்திரி எட்டு மணிக்கு அனுப்ப ஆரம்பித்த பிறகுதான் பதில் வந்தது.

பெற்றோர், மதுரை: போன் பார்த்துப் பார்த்துக் கண் எரிகிறது என்கிறான்.

கண் மருத்துவரிடம் காட்டுங்கள். நான் சொல்லக் கூடாது.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர்: கேள்வி இல்லை, கருத்து. மாநிலத்திலேயே நன்றாக நடத்தும் பத்துப் பேரின் பாடத்தைப் பதிவு செய்து எல்லாப் பள்ளிக்கும் போட்டுக் காட்டினால் போதுமே? குக்கிராமத்துப் பிள்ளைக்கும் முதல் தரமான பாடம் கிடைக்கும். கல்வித் தொலைக்காட்சி அதற்குத்தானே வந்தது?

ஐயா, பாதி ஒத்துக்கொள்கிறேன். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியபோது யாருக்கும் கொரோனா தெரியாது. அடுத்த வருடம் போன் இல்லாத வீடுகளுக்கு அதுதான் கை கொடுத்தது. மீதிப் பாதிக்கு என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன்.

பள்ளி மூடியிருந்தபோது பிள்ளைகள் நோட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். 52-இல் 27-ஐக் கழிக்கச் சொன்னேன். இரண்டு பேர் 35 என்று எழுதியிருந்தார்கள். இருவருக்கும் தவறு போட்டு, ஒரே வீடியோவை அனுப்பினேன். மறுநாளும் அதே மாதிரித் தப்பு. போன் போட்டு, "வாயால் சொல்லிக்கொண்டே போடு" என்றேன். ஒருத்தி, "ஏழுல ரெண்டு போனா அஞ்சு" என்றாள். கீழே இருக்கும் பெரிய எண்ணிலிருந்து மேலே இருக்கும் சின்ன எண்ணைக் கழிக்கிறாள். இன்னொருவன், "பன்னெண்டுல ஏழு போனா அஞ்சு" என்றான். கடன் சரியாகத்தான் வாங்கினான், பத்தாம் இடத்து 5-ஐ 4 ஆக்க மறந்துவிட்டான். விடை ஒன்று, நோய் இரண்டு. அவளுக்கு இடமதிப்பே பிடிபடவில்லை. இவனுக்கு ஞாபகப்படுத்தினால் போதும். எவ்வளவு நல்ல ஆசிரியர் பேசிய வீடியோவாக இருந்தாலும் அதற்கு இந்த இரண்டு பேரும் தெரிய மாட்டார்கள்.

அதே தலைமையாசிரியர்: அதைக் கணினியே கண்டுபிடித்துவிடுமே, அம்மா?

கேள்வியைப் பார்த்துக் கொடுத்தால் கண்டுபிடிக்கும், ஐயா. 52-இல் 29-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். சரியான விடை 23. தலைகீழாகக் கழிக்கும் பிள்ளைக்கு 37 வரும். கடனை மறக்கும் பிள்ளைக்கு 33 வரும். இப்படி யோசித்துக் கணக்குக் கொடுக்கிற ஆப் வந்தால் நானே முதலில் வாங்கச் சொல்வேன். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை விடையை மட்டும் பார்த்துச் சிவப்பு, பச்சை காட்டுகின்றன.

இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலர், விழுப்புரம்: அப்படியானால் வீடியோவே வேண்டாமா டீச்சர்? நான் சாயங்காலம் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம் போட்டுக் காட்டிவிட்டு, அப்புறம் கணக்குப் போட வைப்பேன்.

நீங்கள் செய்ததுதான் சரி. 2021 அக்டோபரில் உங்கள் மாவட்டத்து மரக்காணத்தில்தான் அந்தத் திட்டமே தொடங்கியது. பள்ளி மூடியதில் விட்டுப்போனதைப் பிடிக்க, பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார வேண்டியிருந்தது. ஐயாவுக்கும் என் பதில் இதுதான்: பத்துப் பேரின் பாடத்தைப் போடுங்கள், நோட்டைப் பார்க்கிற ஆளை எடுத்துவிடாதீர்கள்.

பெற்றோர், கரூர்: வீட்டுப்பாடத்தைச் சாட்ஜிபிடியிடம் கேட்டு எழுதுகிறான்.

எழுதட்டும். நோட்டை மூடச் சொல்லி, "இரண்டாவது வரி எப்படி வந்தது?" என்று கேளுங்கள். சொன்னால் படித்திருக்கிறான். சொல்லாவிட்டால் அந்த ஒரு கணக்கை உங்கள் முன்னால் போடச் சொல்லுங்கள்.

பெற்றோர், கடலூர்: ஐந்தாம் வகுப்புக்கு ஆப்...

மேலே இரண்டு தடவை சொல்லிவிட்டேன். இனி ஆப் பெயர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதப் போவதில்லை.

தேனி அம்மா மறுபடியும்: டீச்சர், 52 - 29 கொடுத்தேன். 37 என்கிறாள்.

சரி, போனை எடுத்து வையுங்கள். ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ஐந்து கட்டு கட்டி, இரண்டு குச்சியைத் தனியாக வையுங்கள். "எனக்கு 29 கொடு" என்று கேளுங்கள். இரண்டு கட்டைக் கொடுத்துவிடுவாள். ஒன்பதுக்கு இரண்டு குச்சிதான் இருக்கும், முழிப்பாள். நீங்கள் கட்டை அவிழ்க்காதீர்கள், எவ்வளவு நேரமானாலும் அவளே அவிழ்க்கட்டும். அவிழ்த்த பிறகு அதையே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தினமும் நாலு கணக்கு. மூன்று நாள் கழித்து 64 - 38 கொடுங்கள். விடையை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். அவள் அடித்து அழித்தது எல்லாம் தெரிகிற மாதிரி நோட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள்.